மேகம் போட்ட படம்

காலையில் வேலைக்குப் போகிற வழியெல்லாம் எனக்குப் புத்தி சொல்ல லாரிகள் வரிசை கட்டி நிற்கின்றன. மேம்பாலம் ஏறுகிற இடத்தில் எங்கள் பஸ் தினமும் ஏதாவது ஒரு லாரியின் முதுகில் மூக்கை உரசிக்கொண்டுதான் ஊரும். தலையை வெளியே நீட்டினால் புகை, உள்ளே இழுத்தால் பக்கத்தில் நிற்கிறவனின் அக்குள். அதனால் டிரைவருக்குப் பின் சீட்டில் உட்கார்ந்து, முன்கண்ணாடி வழியாக லாரியில் எழுதியிருப்பதை எழுத்துக்கூட்டிப் படிப்பேன். பள்ளிக்கூடத்தில் கொஞ்சம்தான் படித்தேன். மீதியைக் கற்றுக்கொடுத்தது லாரிகள்தான். அதற்காக நன்றியெல்லாம் கிடையாது.

எழுதுகிறவன் ஒருவன், ஓட்டுகிறவன் ஒருவன் என்பதை நான் சீக்கிரமே தெரிந்துகொண்டேன். "வேகம் விடு, வீடு சேர்" என்று எழுதிய வண்டிதான் எங்கள் பஸ்ஸைச் சாக்கடையோரம் ஒதுக்கிவிட்டுப் பறந்தது. "பெண்ணைப் போற்று" என்று பூவெல்லாம் போட்டு எழுதியிருந்த லாரியின் டிரைவர், ஸ்கூட்டரில் போன ஒரு பெண்ணைப் பார்த்துத் தலையை வெளியே நீட்டிச் சொன்ன வார்த்தையை நான் இங்கே எழுத முடியாது. படங்களும் அப்படித்தான். கழுகு, குதிரை, நீர்வீழ்ச்சி, கண்ணீர் விடும் ஒற்றைக் கண். சிங்கம் என்று வரைந்தால் அது பட்டினி கிடந்த பூனை மாதிரி இருக்கும். பச்சையும் சிவப்பும் மஞ்சளும் அள்ளிப் பூசிய பொய்கள். பொய் என்று தெரிந்தும் படிப்பேன். வேறு என்ன செய்வது, பாலம் நகராதே.

அன்றைக்கும் பாலத்தில்தான் நின்றோம். முன்னால் ஒரு புது லாரி. பெயின்ட் இன்னும் பளபளத்தது. பின்கதவில் இடது பக்கம் ஒரு பொம்பளை, வலது பக்கம் ஒரு ஆம்பளை. பொம்பளை கையில் ரோஜாப்பூ. அவளை எங்கேயோ பார்த்திருக்கிறேனே என்று யோசித்தேன். பிறகு ஆம்பளையைப் பார்த்தேன். மடங்கிய இடது காது. பிறக்கும்போதே மடங்கிய காது, அது எனக்கு மட்டும்தான் உண்டு. கண் சிமிட்டாதே என்று போட்டோக்காரன் மிரட்டியதில் முழித்துப்போன அதே முழி. என் வேலை அட்டையில் இருக்கிற போட்டோவை அப்படியே பெரிதாக்கி வரைந்திருந்தார்கள். ஆனால் மூக்கின் மேல் ஒரு கண்ணாடி. நான் கண்ணாடி போட்டதே இல்லை. சட்டைப் பையில் ஒரு பேனா. நெஞ்சுக்குக் கீழே உடம்பு இல்லை, பஞ்சு மூட்டையை அவிழ்த்துக் கொட்டியது போல வெள்ளை மேகம்.

படத்துக்குக் கீழே எழுதியிருந்ததை நிதானமாகப் படித்தேன். "அப்பா மேலே இருந்து பார்க்கிறார்."

நான் பின்னால் பஸ்ஸில் இருந்து பார்த்துக்கொண்டிருந்தேன்.

முதலில் எனக்குப் பெருமையாகத்தான் இருந்தது. லாரி ஓட்டுகிற என் மகன் புது லாரி எடுத்திருக்கிறான், பெற்றவர்களை மறக்காமல் படம் போட்டிருக்கிறான் என்று நெஞ்சு கொஞ்சம் விரிந்தது. சொல்லாமல் இருக்க முடியாமல் கண்டக்டரைக் கூப்பிட்டுக் காட்டினேன். அவன் குனிந்து பார்த்தான், என்னைப் பார்த்தான், மறுபடி லாரியைப் பார்த்தான்.

"அட, அப்படியே உங்க ஜாடை பெரியவரே. கூடப் பொறந்தவரா? எப்ப தவறினாரு?"

எவன் தவறினான் என்று கேட்டேன். மேகம் போட்டிருக்கிறதே என்றான். அதற்குள் பாலம் நகர்ந்துவிட்டது. லாரி போய்விட்டது. ஆனால் மூலையில் சின்னதாக எழுதியிருந்த "நிழல் ஆர்ட்ஸ், லாரி ஸ்டாண்டு" என்பதைப் படித்து வைத்துக்கொண்டேன். நான் இறங்க வேண்டிய இடத்தில் இறங்கவில்லை. பஸ் ஸ்டாண்டுக் கழிப்பறையை யார் திறப்பார்கள் என்று யோசிக்கவும் இல்லை. அதைத் திறப்பதும் கழுவுவதும் வாசலில் மேஜை போட்டு உட்காருவதும்தான் என் வேலை. அன்று ஊரே அடக்கிக்கொண்டு நிற்கட்டும் என்று விட்டுவிட்டேன்.

லாரி ஸ்டாண்டில் நிழல் ஆர்ட்ஸ் கொட்டகையைக் கண்டுபிடிப்பது கஷ்டமாக இல்லை. தொந்தி பெருத்த ஒரு பெயின்டர் பலகை மேல் நின்று நீர்வீழ்ச்சிக்கு நுரை வைத்துக்கொண்டிருந்தான். திரும்பி என்னைப் பார்த்தவன் அப்படியே நின்றான். பிரஷிலிருந்து வெள்ளை சொட்டிப் பாறையெல்லாம் பாழானது.

"ஐயா... நீங்க..."

"ஆமா. மேலேர்ந்துதான் எறங்கி வந்தேன். சொல்லு, என்னை எப்ப எடுத்தாங்க?"

அவன் பலகையிலிருந்து இறங்கினான். ஸ்டூலைத் துடைத்துப் போட்டான். நான் உட்காரவில்லை. அவன் தொழில் முறையை விளக்கினான். உயிரோடு இருக்கிறவர்கள் என்றால் சட்டையின் கடைசிப் பொத்தான் வரை வரைய வேண்டும், கையில் ஒரு பூ கொடுக்க வேண்டும். போனவர்கள் என்றால் நெஞ்சோடு நிறுத்தி மேகம். லாரி வேலை பார்க்கிற எல்லாருக்கும் இது தெரியுமாம். கேட்காமல் மேகம் போடவே மாட்டானாம். ஒருமுறை உயிரோடு இருந்த ஒரு மாமியாருக்குத் தெரியாமல் மேகம் போட்டு, அந்த அம்மாளிடமே செருப்படி வாங்கியிருக்கிறானாம்.

என் மகனிடமும் கேட்டுத்தான் போட்டானாம். மாரடைப்பு, தூக்கத்திலேயே போய்விட்டார் என்று மகன் சொன்னானாம். பக்கத்தில் அவன் மாமனார் நின்றுகொண்டிருந்தாராம். அவர் வண்டிப் பட்டறையிலிருந்து எந்தப் புது லாரியும் பெற்றவர்கள் படம் இல்லாமல் வெளியே போகாதாம். அவர்தான் அப்பா படமும் போடு மாப்பிள்ளை என்று வற்புறுத்தினாராம். வரைந்து முடித்ததும் பார்த்து, நல்ல மனுஷன் முகம் என்று கண்ணைத் துடைத்துக்கொண்டாராம்.

கண்ணாடியும் பேனாவும் எதற்கு என்று கேட்டேன். உங்கள் பையன்தான் போடச் சொன்னார், எதற்கென்று எனக்குத் தெரியாது என்றான்.

"வண்டி வரட்டும் ஐயா. மேகத்த அழிச்சு, கீழ நாலு பட்டன வச்சு உங்கள எறக்கி விட்டுடறேன். ஓனர் மட்டும் ஒரு வார்த்தை சொல்லணும்."

என்னை உயிரோடு இறக்க என் மகன் உத்தரவு கொடுக்க வேண்டும். வாயில் வந்ததைச் சொல்லிவிட்டு வெளியே வந்தேன். அவன் நல்லவனாகக்கூட இருக்கலாம். அன்றைக்கு எனக்கு யாரையும் நல்லவனாகப் பார்க்கிற கண் இல்லை.

மகன் எங்களுக்குச் சொல்லாமல் கல்யாணம் செய்துகொண்டவன். வெளியூரில் லாரி ஓட்டப் போனவன், ஒருநாள் பழக்கூடையோடு வந்து, எனக்குக் கல்யாணம் ஆகிவிட்டது என்றான். பெண்ணைக் கூட்டி வரவில்லை. அவர்கள் வீட்டில் கொஞ்சம் கோபம், ஆறட்டும் என்றான். இப்போது குழந்தை பிறந்திருக்கிறது. அம்மாவை அழைத்துப்போகிறேன், குழந்தையைப் பார்த்துக்கொள்ளட்டும், அப்பா பிறகு வரட்டும் என்று சொல்லியிருந்தான். அந்த "பிறகு" எனக்கு அப்போதே பிடிக்கவில்லை. ஆனால் என் மனைவி மூஞ்சியில் வந்த வெளிச்சத்தைப் பார்த்து வாயை மூடிக்கொண்டிருந்தேன்.

நான் வீட்டுக்குள் நுழைந்தபோது என் மனைவி ஜன்னலோரம் உட்கார்ந்து என் பழைய சட்டையைக் கிழித்துக் குழந்தைக்குத் துணி தைத்துக்கொண்டிருந்தாள். துவைத்துத் துவைத்து மெத்தென்று ஆன துணிதான் பிஞ்சு உடம்புக்கு உறுத்தாதாம். வேலை நேரத்தில் வந்திருக்கிறாயே, உடம்புக்கு என்ன என்று கேட்டாள். செத்துவிட்டேன் என்றேன். பாலம், படம், மேகம், பெயின்டர் எல்லாவற்றையும் கொட்டினேன். சொல்லி முடித்து, இவள் அலறப்போகிறாள் என்று காத்திருந்தேன்.

"தெரியும்" என்றாள். ஊசி நிற்கவில்லை.

மகன் செய்தது ஒரு அடி என்றால் இது அதைவிடப் பெரிய அடி.

"என்ன தெரியும்?"

"பொண்ணு கேக்கும்போதே அப்பா இல்லன்னு சொல்லிட்டானாம். கக்கூஸ் கழுவறவர் மகன்னா பொண்ணு தர மாட்டாங்கன்னு பயந்திருக்கான். ஒருதடவ சாகடிச்சுட்டு அப்புறம் எப்படி எழுப்புவான்?"

"நீ அங்க போய் என்ன சொல்லுவ?"

"அவன் சொன்னதத்தான். வாயால சொல்றதுதான? நான் சொன்னா நீ செத்துருவியா? எனக்குப் பேத்தி மொகத்தப் பாக்கணும்யா."

நான் கத்தினேன். தெருவில் இஸ்திரிக்காரன் வண்டியை நிறுத்திவிட்டு எட்டிப் பார்க்கிற அளவுக்குக் கத்தினேன். நான் கழுவி வைத்த கக்கூஸில் அந்த மாமனார்கூட ஒருநாள் வந்து போயிருப்பான், அப்போது மணக்கவில்லையா என்று கத்தினேன். சாப்பாட்டு நேரத்தில் இவள் தட்டை என் பக்கம் தள்ளினாள். செத்தவனுக்கு எதற்குச் சோறு என்றேன்.

"செத்தவன் இவ்ளோ பேச மாட்டான். தின்னு" என்றாள்.

நான் தின்னவில்லை. மகன் வருகிற நாள் வரை இருவரும் ஒரே அறையில் இருந்தோம், ஆனால் அவள் பக்கம் நான் திரும்பவில்லை. அவள் பை நிரம்பிக்கொண்டே வந்தது. மாற்றுப் புடவை, சீப்பு, தலைவலி மருந்து, தைத்த குட்டித் துணிகள். ஒவ்வொன்றையும் பைக்குள் வைக்கும்போது என்னை ஒரு பார்வை பார்ப்பாள். போகாதே என்று நான் சொல்வேன் என்று எதிர்பார்த்தாளோ என்னவோ. நான் சொல்லவில்லை. என்னைச் செத்தவன் என்று சொல்லச் சம்மதித்தவளிடம் நான் எதைப் பிச்சை கேட்பது?

மகன் வந்தான். லாரியையே கொண்டுவந்தான். போகிற வழியில் சுமை ஏற்ற வேண்டுமாம். எங்கள் தெரு முட்டுச்சந்து, ஒரு பக்கம் திறந்த சாக்கடை, இன்னொரு பக்கம் இஸ்திரி வண்டி. இரண்டுக்கும் நடுவில் லாரியை மெதுவாக நுழைத்து எங்கள் வாசலில் நிறுத்தினான். கிளீனரைக்கூட அழைத்து வரவில்லை. அவன் வாய் மாமனார் வீட்டில் திறந்துவிடும் என்ற பயம்தான், வேறென்ன. பின்கதவை மறைத்துத் தார்ப்பாயைக் கீழே வரை தொங்கவிட்டிருந்தான்.

அவன் இறங்கி, அப்பா எப்படி இருக்கீங்க என்றான். நான் நேராக வண்டியின் பின்னால் போனேன். தார்ப்பாயை இரண்டு கையாலும் பிடித்து மேலே தூக்கிப் போட்டேன். இஸ்திரிக்காரன் கையில் கரித்துண்டோடு வந்து நின்றான். எதிர்வீட்டுத் தையல்காரம்மா கழுத்தில் டேப்போடு வந்தாள். இஸ்திரிக்காரன் சத்தமாகவே படித்தான். தையல்காரம்மா வாயில் கை வைத்துக்கொண்டு, யாருண்ணே செத்தது என்றாள்.

"நான்தாம்மா" என்றேன். "நல்லா பாரு, ஜாடை தெரியல?"

மகன் ஓடிவந்து தார்ப்பாயை இறக்கப் பார்த்தான். நான் விடவில்லை. அவன் முகம் சிவந்து, குரல் தாழ்ந்து, வீட்டுக்குள் போய்ப் பேசலாம் என்றான். தெருவில்தான் என்னைச் சாகடித்திருக்கிறாய், தெருவிலேயே பேசு என்றேன்.

"கொஞ்ச நாள்தாம்பா. கொழந்த வளரட்டும். மெதுவா எடுத்துச் சொல்லிடறேன்."

"செத்தவன எப்படிடா மெதுவா எடுத்துச் சொல்லுவ? கை முதல்ல வரும், கால் அப்புறம் வருமா?"

அவன் தலையைக் குனிந்துகொண்டான். எனக்கு அடிக்கக் கை ஓங்கியது. அந்த நேரத்தில் இவள் பையைத் தூக்கிக்கொண்டு வெளியே வந்தாள். கதவைச் சாத்தவில்லை. என்னைப் பார்க்கவில்லை. லாரியின் முன்பக்கம் போய், கம்பியைப் பிடித்து, முழங்கால் வலிக்க வலிக்க ஏறிச் சீட்டில் உட்கார்ந்துவிட்டாள். சரி, போ, என்று மனசுக்குள் கத்தினேன்.

மகன் நிம்மதியாக மூச்சு விட்டு, தன் பக்கக் கதவைத் திறந்தான். அப்போது இவள் கேட்டாள்.

"இரு. வண்டி எடுக்கறதுக்கு முந்தி ஒண்ணொண்ணா சொல்லு. அங்க பொம்பளைங்க கேப்பாங்க. மாத்திச் சொல்லிடக் கூடாது பாரு. எப்படிச் செத்தாரு?"

"மாரடைப்புமா. தூக்கத்துல."

"சரி." பாடம் படிப்பது போலத் தலையாட்டினாள். "என்ன வேல பாத்தாரு?"

மகன் என் பக்கம் ஒருமுறை பார்த்துவிட்டு, ஜன்னலுக்குள் தலையை விட்டு மெல்லச் சொன்னான். மெல்லச் சொன்னாலும் எல்லாருக்கும் கேட்டது.

"வாத்தியார்னு சொல்லியிருக்கேன். கணக்கு வாத்தியார்."

கண்ணாடியும் பேனாவும் எதற்கு என்று அப்போதுதான் எனக்கு விளங்கியது.

"அப்புறம்?" என்றாள் இவள்.

"அப்புறம் என்னமா... சாயங்காலம் ஏழைப் புள்ளைங்களக் கூப்ட்டு வச்சுச் சொல்லித் தருவாரு. அமைதியானவரு. அதிர்ந்து பேச மாட்டாரு."

இஸ்திரிக்காரன் சிரித்துவிட்டான். அடக்கத்தான் பார்த்தான், முடியவில்லை. தையல்காரம்மா அவன் முதுகில் ஒன்று வைத்தாள்.

இவள் சிரிக்கவில்லை. கொஞ்ச நேரம் முன்கண்ணாடி வழியாக எங்கள் வீட்டுக் கதவையே பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு கதவைத் திறந்து, முதலில் பையைக் கீழே போட்டாள். அப்புறம் ஒரு கால், இன்னொரு கால் என்று இறங்கினாள்.

"என்னமா?" என்றான் மகன்.

"இவரு செத்துட்டாருன்னு சொல்லிடுவேன்டா. கஷ்டந்தான், ஆனா சொல்லிடுவேன். வேணும்னா அழுதும் காட்டுவேன். இந்த வாத்தியாரு யாருடா? அவனோட நான் எப்ப குடும்பம் நடத்தினேன்? நாளைக்கு உன் மாமியார் பக்கத்துல உக்காந்து, அவரப் பத்திச் சொல்லுங்கன்னு கேட்டா நான் யாரச் சொல்றது? தெரியாத ஆம்பளைக்கு என்னால அழ முடியாது."

"அம்மா, நீ வர்றேன்னு சொல்லி வச்சிருக்கேம்மா. அவங்க எல்லாரும் காத்துக்கிட்டிருக்காங்க. நான் போய் என்னன்னு சொல்லுவேன்?"

"நானும் செத்துட்டேன்னு சொல்லு. மேகம் போட ஆள் இருக்கானே."

மகன் கண்ணில் தண்ணீர் வந்ததைப் பார்த்தேன். எனக்கு இரக்கம் வரவில்லை. வர வேண்டும் என்று நினைக்கிறவர்கள் தங்கள் மகன் லாரியில் தங்கள் படத்தைப் பார்த்துவிட்டு வந்து பேசட்டும்.

இவள் பையைத் திறந்து குழந்தைத் துணிகளை மட்டும் எடுத்து, லாரிச் சீட்டில் மடித்து வைத்தாள். குழந்தையை இங்கே தூக்கிக்கொண்டு வா, உன் பெண்டாட்டியையும் கூட்டிக்கொண்டு வா, உன் அப்பா யார் என்று காட்டிவிட்டு அப்புறம் என்னைக் கூப்பிடு, அது முடியாவிட்டால் நீயும் வராதே என்று சொன்னாள். குரலை உயர்த்தவே இல்லை. சொல்லிவிட்டு என் பக்கம் திரும்பினாள்.

"மூஞ்சிய அப்படி வச்சுக்காத. உனக்காக எறங்கல."

பையைத் தூக்கிக்கொண்டு உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள். உள்ளே அவள் அழுகிற சத்தம் கேட்டது. வாத்தியாருக்காக இல்லை, பேத்திக்காக. அதற்கும் எனக்குக் கோபம்தான் வந்தது. யார் மேல் என்று கேட்டால் தெரியாது.

மகன் ஏறி வண்டியைக் கிளப்பினான். முன்னால் சுவர், திரும்ப இடமில்லை. பின்னால்தான் போக வேண்டும். ஒரு முழம் எடுத்தான், சக்கரம் சாக்கடை விளிம்புக்குப் போனது. நிறுத்தினான். மறுபடி முன்னால் வந்து மறுபடி எடுத்தான். இப்போது இஸ்திரி வண்டி நசுங்கப் பார்த்தது. இஸ்திரிக்காரன் தன் வண்டியைக் கட்டிப்பிடித்துக்கொண்டு அலறினான். அவனுக்கு அதை நகர்த்தவும் இடமில்லை.

இஞ்சினை அணைக்காமலே மகன் ஜன்னலில் தலையை நீட்டினான். தெருவே பார்த்துக்கொண்டிருந்தது.

"அப்பா. பின்னாடி கொஞ்சம் பாருப்பா."

சாக்கடையில் விழட்டும் என்று விட்டிருக்கலாம். விட்டிருந்தால் என் தலைமாட்டில்தான் அந்த வண்டி பல நாள் கிடந்திருக்கும், அந்தப் படமும் கிடந்திருக்கும். நான் லாரிக்குப் பின்னால் போய் நின்றேன். கண்ணாடியும் பேனாவும் மேகமுமாக அந்த வாத்தியார் என் முகத்துக்கு நேராக நின்றான்.

இரண்டு தட்டு தட்டினால் வா, ஒரு தட்டு தட்டினால் நில். இது லாரிக்காரர்கள் எல்லாருக்கும் தெரியும். எங்கே தட்ட வேண்டும் என்று எவனும் சட்டம் போடவில்லை. கையை நன்றாகப் பின்னால் இழுத்து வாத்தியார் கன்னத்தில் இரண்டு வைத்தேன். தகரம் தெருக்கோடி வரை அதிர்ந்தது. வண்டி என்னை நோக்கி வந்தது. நான் பின்வாங்கிக்கொண்டே இடது கன்னத்தில் இரண்டு, வலது கன்னத்தில் இரண்டு வைத்தேன். சாக்கடை விளிம்பு வரும்போது மூக்கின் மேல் ஒன்று. நின்றது. சக்கரத்தை ஒடிக்கச் சொல்லிக் கத்தினேன். ஒடித்தான். மறுபடி இரண்டு. உள்ளங்கை தீயாக எரிந்தது. ஒவ்வொரு அறைக்கும் அவன் கொஞ்சம் கொஞ்சமாகத் தெருவை விட்டு வெளியே வந்தான். நான் சொன்ன இடத்தில் நின்றான், சொன்ன இடத்தில் திரும்பினான். சின்ன வயதில்கூட என் பேச்சை அவன் இவ்வளவு ஒழுங்காகக் கேட்டதில்லை.

பெரிய ரோடு வந்ததும் கடைசியாக ஒன்று வைத்தேன். அது நில் என்பதற்கான தட்டு. அவன் நின்றான். எதற்கு நிறுத்தினேன் என்று எனக்கே தெரியவில்லை. பக்கக் கண்ணாடியில் அவன் கண் என்னைப் பார்த்தது, என் கண் அவனைப் பார்த்தது. பின்னால் வந்த பஸ் ஹாரன் அடித்தது.

போ என்று கையைக் காட்டினேன். போய்விட்டான்.